அனுமதிக்கப்பட்ட மாற்றம்

நாலே நாலு வரி. ஆவுடைநாயகி ஆறு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த விஷயத்தை, வேலைக்குச் சேர்ந்து வருடம் திரும்பாத ஜெசிந்தா நாலு வரியில் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் கேன்டீனில் உட்கார்ந்து பருப்பு வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். ஆவுடைக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. காலையில் தின்ற இட்லி நெஞ்சுவரை ஏறி வந்து நின்றது.

பலகை முன்னால் ஒரே கூட்டம். ஆய்வு நிலையத்தின் இயக்குநர் நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"அடேயப்பா! என்ன சுருக்கமா எழுதிருக்கா பாத்தீங்களா ஆவுடை? நம்ம இத்தன நாளு தலையச் சுத்தி மூக்கத் தொட்டுக்கிட்டு இருந்துருக்கோம்."

'நம்ம'வாம்! இவர் எங்கே தொட்டார்? சுற்றியது, தொட்டது, எல்லாம் ஆவுடை. ஒன்பது பக்கத்துக்கு வரையறை எழுதி, அதற்கு விதிவிலக்கு எழுதி, விதிவிலக்குக்கு விதிவிலக்கு எழுதி, கண் பூத்துப்போனது அவளுக்கு.

"ஆமா சார், நல்லாருக்கு" என்றாள்.

விஷயம் இதுதான். பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த தென்பொருநை அறுவை ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளத்தில், குளிரூட்டிய அறைக்குள் ஒரு இயந்திர மூளை இருந்தது. எட்டு ஊர்களில் எட்டு ஆபரேஷன் தியேட்டர்கள், எட்டிலும் இயந்திரக் கைகள். அத்தனை கைகளையும் ஆட்டுவிப்பது இந்த ஒற்றை மூளை. பெரிய சர்ஜன்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்கும் நல்ல சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் மூளை ஒரு சமயத்தில் ஒரு தியேட்டரில்தான் வேலை செய்யும். இங்கே ஒருவருக்கு ரத்தக்குழாயில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு அங்கே இன்னொருவருக்குத் தையல் போட ஓடும். போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வரும். ஒரு அடுப்பில் பாலும் இன்னொரு அடுப்பில் குழம்பும் வைத்துக்கொண்டு நடுவில் தேங்காய் துருவுகிறவர்கள் தினமும் செய்கிற வேலைதான். பால் பொங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். கை விட்டுப் போன பிறகு ஒரு நோயாளி எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பதை அங்கே தாங்கு நேரம் என்றார்கள்.

காலையில் அட்டவணை போடுவது லேசு. நடுவில் அவசரக் கேஸ் வந்து நின்றால்தான் தலைவலி. அட்டவணையை மாற்ற வேண்டும். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாமா? எது அனுமதிக்கப்பட்ட மாற்றம், எது கூடாத மாற்றம்? இயந்திரத்திடம் போய் "கொஞ்சம் பாத்துச் செய்யப்பா" என்று சொல்ல முடியாது. கணக்குப் பாஷையில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் வரையறுக்க வேண்டும். வரையறுத்தால்தான் நிரூபிக்கலாம், நிரூபித்தால்தான் அரசாங்கம் அனுமதி தரும். அந்த வரையறையில்தான் ஆவுடை ஆறு வருடம் சிக்கிக் கிடந்தாள்.

ஜெசிந்தா எழுதியது இவ்வளவுதான்:

அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வேலைகளை இடம் மாற்றலாம்.
மாற்றுவதற்கு முன்னிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டால், எந்த நோயாளியும் தம் தாங்கு நேரத்துக்கு மேல் பின்னால் தள்ளப்படக் கூடாது.
அப்படியானது அனுமதிக்கப்பட்ட இடமாற்றம்.
அனுமதிக்கப்பட்ட இடமாற்றங்களை வரிசையாகக் கோத்தால் கிடைப்பது எதுவோ, அது அனுமதிக்கப்பட்ட மாற்றம்.

அழகாக இருந்தது. சனியன், அழகாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. அசிங்கமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பாள்.

கேன்டீனில் ஜெசிந்தா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எழுந்து நிற்பாள், அக்கா என்பாள், வடையில் பாதியை நீட்டுவாள். தூத்துக்குடிக்காரி. சிரித்தால் அந்தக் கட்டடத்துக்கே கேட்கும்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க, எப்படி இருக்கு? உங்க ஒம்பது பக்கத்த வரிவரியாப் படிச்சுத்தாங்க்கா எனக்கு இது தோணிச்சு. அது இல்லன்னா இது இல்ல."

இதற்கு அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம். திமிராகப் பேசினால் திட்டலாம். பணிவாகப் பேசுகிறவளை என்ன செய்வது?

"ஒரு வாரம் கெடக்கட்டும், பாப்போம்" என்றாள் ஆவுடை.

அது நிலையத்து வழக்கம். புது வரையறை எதுவானாலும் ஒரு வாரம் பலகையில் கிடக்க வேண்டும். யாருக்கு முடியுமோ அவர்கள் வந்து அதை உடைக்கலாம். உடைப்பது என்றால், வரையறை சரி என்று சொல்லியும் விபரீதம் நடக்கிற மாதிரி ஒரு உதாரணத்தை அடியில் எழுதிக் காட்டுவது. பெரியவர், சின்னவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஆனாலும் உடைத்ததில் பாதிக்கு மேல் ஆவுடைதான். சுத்தியல் என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் என்றாலும் அவளுக்குத் தெரியும்; உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு.

மூன்றாம் நாள் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவள் கண்டுபிடித்துவிட்டாள். கத்தியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சத்தமாகவே சிரித்துவிட்டாள்.

ஹாலில் இருந்த அவள் கணவன் கொம்பையா எட்டிப் பார்த்தான். கால்நடை மருத்துவன். மனிதர்களைவிட மாடுகளோடு பேசிப் பழகியவன். எதையும் மெதுவாகத்தான் கேட்பான்.

"என்னட்டி? பாகற்காயப் பாத்தா சிரிப்பு வருது?"

"ஓட்டை இருக்குங்க! அந்த நாலு வரில பெரிய ஓட்டை இருக்கு!"

"யாரு, அந்தத் தூத்துக்குடிப் பிள்ளை எழுதுனதுலயா?"

"அவதான். இங்க வாங்க, சொல்லுதேன். ஒங்க ஆஸ்பத்திரில ஒருத்தன் ஆட்டக் கூட்டிட்டு வந்து வரிசைல நிக்கான்னு வைங்க. அந்த ஆடு அரைமணி நேரம் தாங்கும். அப்ப ஒருத்தன் வந்து, அண்ணாச்சி, எனக்கு ஒரே ஒரு ஊசிதான், முந்திப் போட்டுக்கிடுதேங்கான். நீங்க என்ன பாப்பீங்க?"

"ஆடு தாங்குமான்னு பாப்பேன். தாங்கும்னா விட்டுருவேன்."

"அதுக்குப் பெறவு இன்னொருத்தன் வாரான். அவனுக்கும் ஒரு ஊசிதான்."

"அவனையும்..." என்று சொல்ல வந்த கொம்பையா நிறுத்திக்கொண்டான். "இல்லட்டி, ஏற்கெனவே ஒருத்தன விட்டாச்சேன்னு யோசிப்பேன்லா."

"நீங்க யோசிப்பீங்க. ஏன்னா ஆடு எப்ப வந்துச்சுன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவ வரையறைல அது இல்ல! ஒவ்வொரு தடவையும் அதுக்கு முந்துன வரிசையோட மட்டுந்தான் ஒப்பிடுதா. முந்துன வரிசைய வச்சுப் பாத்தா இப்பத் தள்ளுனது கொஞ்சம்தானே? சரின்னு சொல்லிரும். அடுத்த தடவையும் கொஞ்சம்தான். அதுவும் சரி. காலைல போட்ட முதல் வரிசையோட யாருமே ஒப்பிட மாட்டாங்க."

"ஆடு செத்துருமே."

"செத்துரும். ஆனா ஒவ்வொரு படியும் சரின்னு நிரூபணம் இருக்கும்!"

கொம்பையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சரிபாக்குத மிஷின் ஒண்ணு இருக்குன்னு சொல்லுவியே, அது கண்டுபிடிக்காதா?"

"அது நிரூபணம் சரியான்னுதாங்க பாக்கும். நம்ம கேட்ட கேள்வியே தப்புன்னா அதுக்கு எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க என்னைய மாதிரி ஒரு ஆளு வேணும்" என்று மாரை நிமிர்த்திச் சொன்னாள். எத்தனை நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது தெரியுமா? பாகற்காய்க் கூட்டை வழித்துத் தின்றாள்.

"சீக்கிரம் சொல்லிரு அவட்ட. மனுசங்க உசிரு" என்றான் கொம்பையா.

"நாளைக்குக் காலைல பலகைல எழுதிருதேன்."

எழுதத்தான் போனாள். அதில் சந்தேகம் வேண்டாம். பேனாவைத் திறந்துகொண்டு பலகை முன்னால் நின்றும் விட்டாள். முதல் வார்த்தையை எழுதுவதற்குள் நெல்லையப்பன் வந்துவிட்டார்.

"ஆவுடை, நல்லவேளை வந்தீங்க. சிங்கப்பூர் மாநாட்டுக்குப் பேரு கேட்டுருக்காங்க. வழக்கமா நீங்கதான் போவீங்க, இந்தத் தடவ ஜெசிந்தா பேசட்டும். சின்னப் பிள்ளை, ஒரு தூண்டுதலா இருக்கும். நீங்க கூடப் போயி கொஞ்சம் பாத்துக்கிடுங்க. 'ஜெசிந்தா வரையறை'ன்னே பேரு வச்சு அனுப்பிட்டேன். ஒங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

கூடப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பெட்டி தூக்கவா? எதிரே ஜெசிந்தா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அழப்போகிறவள் போல, சந்தோஷத்தில் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் ஆவுடைக்கு அந்த யோசனை வந்தது. இங்கே எழுதினால் என்ன ஆகும்? "அட, ஆமா அக்கா!" என்று இவள் ஒரு வரியைத் திருத்துவாள், நாலு வரி ஐந்து வரியாகும், பெயர் அப்படியே இருக்கும். சிங்கப்பூரில், உலகமே உட்கார்ந்திருக்கும் சபையில், இவள் பேசி முடித்து மூச்சு விடும்போது எழுந்து ஒரு கேள்வி கேட்டால்? ஒரு ஆட்டுக் கதை போதும். ஜெசிந்தா வரையறை அங்கேயே பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

பேனாவை மூடினாள்.

"எனக்கென்ன சார் ஆட்சேபணை" என்றாள்.

அன்று சாயங்காலம் கொம்பையா கேட்டான். சொல்லியாயிற்று என்றாள். பொய்யென்றால் வாய் கூசும் என்பார்கள், அவளுக்குக் கூசவே இல்லை. எப்படியும் சொல்லத்தானே போகிறோம், நாலு மாதம் தள்ளிச் சொல்கிறோம், அவ்வளவுதானே என்று சமாதானம் இருந்தது.

பலகையில் வாரம் முடிந்தது. யாரும் உடைக்கவில்லை. அரசாங்கம் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. மாநாட்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிடுவார்கள் என்று ஆவுடை எதிர்பார்க்கவில்லை. நெல்லையப்பனிடம் போய், பட்டும் படாமலும், "சோதனைல அட்டவணைய மாத்த வேண்டியது எவ்வளவு சார் வரும்?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணோ ரெண்டோ வரும். சின்னச் சின்ன கேஸ்தானே எடுக்கோம்."

ஒன்று இரண்டுக்கு ஒன்றும் ஆகாது. ஓட்டை வாயைத் திறக்க வேண்டுமென்றால் மாற்றத்தின் மேல் மாற்றமாக நீளமான ஒரு கோவை வேண்டும். அப்படி எங்கே வரப்போகிறது? அவள் கணக்கில் கெட்டிக்காரி. நன்றாகவே கணக்குப் போட்டாள். வராது என்றுதான் விடை வந்தது.

குற்றால சீசன் என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அருவிக்குப் போய்விட்டுத் திரும்பிய இரண்டு வேன்கள் மோதிக் கவிழ்ந்தன. அடிபட்டவர்களைப் பக்கத்து ஊர்களில் இருந்த தியேட்டர்களுக்குப் பிரித்துப் பிரித்து அனுப்பினார்கள். நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரையின் முன்னால் எல்லோரும் கூடிவிட்டார்கள். லீவில் இருந்த ஆவுடையும் ஓடி வந்தாள்.

திரையில் எட்டுப் பட்டைகள் ஓடின, தியேட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் வரையறைப்படி எல்லாம் பத்திரம், மனிதக் கை நோயாளியைத் தொடக் கூடாது. பாதி வேலையில் இயந்திரக் கையும் மனிதக் கையும் மோதிக்கொண்டால் ஆபத்து என்பதால் அப்படி விதி. சிவப்பு வந்தால்தான் அங்கே நிற்கும் மருத்துவர் இறங்கலாம்.

மூளை அட்டவணையை மாற்றியது. மறுபடி மாற்றியது. ஒரு சிறுமிக்கு மண்ணீரல், ஒரு பெரியவருக்கு மார்புக்கூடு, ஒரு கல்லூரிப் பையனுக்குத் தொடை. எல்லா விளக்கும் பச்சை. அறையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு கைதட்டல்.

ஆவுடை ஐந்தாம் பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் தியேட்டரில் இருந்தவன் இசக்கிராஜ். மினி பஸ் டிரைவர். விபத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. வலது கையில் ரத்தக்குழாயைச் சரிசெய்யக் காலையிலேயே படுத்தவன். மூளை அவன் கைக்கு ரத்தம் போகாமல் கிளிப் போட்டுவிட்டு, 'இதோ வருகிறேன்' என்கிற மாதிரி எழுந்து போயிருந்தது. இன்னும் திரும்பவில்லை. வருவதற்குள் ஒருவரை முன்னால் விட்டது. பிறகு இன்னொருவரை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான். ஒவ்வொரு தடவையும் பச்சை.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. 'அஞ்சாம் தியேட்டர் டாக்டரை இறங்கச் சொல்லுங்க' என்றால் போதும். ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். எப்போது தெரியும் என்றும் கேட்பார்கள். அடுத்த மாற்றத்தில் அவனிடம் திரும்பிவிடும் என்று நினைத்தாள். திரும்பவில்லை. அதற்கடுத்ததில் வந்துவிடும் என்று நினைத்தாள்.

போதும், மானம் போனால் போகட்டும் என்று எழுந்தும் விட்டாள். "சார்" என்றாள்.

அதே நேரம் திரையில் அந்தச் சிறுமியின் பட்டை முடிந்து, பிழைத்துவிட்டாள் என்று காட்டியது. அறை அதிர்ந்தது. நெல்லையப்பன் ஜெசிந்தாவின் தலையில் கை வைத்து, "ஒன்னாலட்டி! அந்தப் பிள்ளை ஒன்னால பிழைச்சுது!" என்று குரல் உடைந்து சொன்னார். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ அவளைத் தூக்கவே போனார்கள். ஜெசிந்தா கூட்டத்துக்குள்ளிருந்து கையை நீட்டி ஆவுடையின் கையைப் பிடித்து, "அக்கா, பாத்தீங்களா அக்கா!" என்று அழுதாள்.

ஆவுடை சொல்ல வந்தது நாக்கிலேயே நின்றது. அந்த நிமிடத்தில் அவளுக்கு இசக்கிராஜ் ஞாபகத்தில் இல்லை. ஆறு வருடத்தில் ஒரு நாளாவது தன் தலையில் நெல்லையப்பன் இப்படிக் கை வைத்தாரா என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது. அதை நினைத்துக்கொண்டு அவள் நின்றாள். நின்றது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்சம், ஏற்கெனவே சேர்ந்திருந்த கொஞ்சங்களோடு சேர்ந்துகொண்டது.

மூளை ஐந்தாம் தியேட்டருக்குத் திரும்பியபோது இசக்கிராஜின் கை கறுத்துவிட்டிருந்தது. முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. எடுக்கும்போதும் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது.

அன்று வீட்டுக்குப் போனால் கொம்பையா டிவியில் கை போன செய்தியைப் பார்த்து, அதை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்த ஆட்டு விஷயந்தானா?" என்றான்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"சொல்லிட்டேன்னு சொன்னியேட்டி."

அவள் பையை ஆணியில் மாட்டினாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கேயோ மாடு கன்று போடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே ஜெசிந்தா ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். ராத்திரியெல்லாம் ஐந்தாம் பட்டையை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாளாம். காலையில் எல்லோரையும் கூப்பிட்டு, பலகையில் தன் பெயருக்கு மேல் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டு, "என் வரையறை தப்பு. அவரு கை போனது என்னாலதான்" என்றாள். முகம் வீங்கியிருந்தது. யாரும் அவளை மறுத்துப் பேசும் முன்னால், அடியில் ஒரு வரி எழுதினாள்: எந்த மாற்றத்தையும் காலையில் போட்ட முதல் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

பாகற்காய் நறுக்கிய அன்றைக்கு ஆவுடை நினைத்த அதே வரி. வார்த்தை பிசகாமல் அதே வரி.

விசாரணைக் குழு சென்னையிலிருந்து வந்தது. தலைவி ஒரு பேராசிரியை, நிதானமாகப் பேசுகிறவர். இசக்கிராஜை முதலில் பேசச் சொன்னார்கள். காலியான சட்டைக் கையை மடித்து ஊக்குப் போட்டிருந்தான்.

"எனக்குக் கையில மட்டுந்தான் மரத்துப்போக ஊசி போட்டாங்க. நான் முழிச்சுத்தான் கெடந்தேன். டாக்டரு பக்கத்துலயே நின்னாரு. சார், என் வெரலு நெறம் மாறுது சார்னு சொன்னேன். அவருக்கும் தெரிஞ்சுது. வெளக்கப் பாத்தாரு. பச்ச எரியுது, நான் தொடக் கூடாதுன்னாரு. அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு" என்றான். "நல்ல மனுசன்தான். அவரு ஒரு ஆளு, நான் ஒரு ஆளு. ரெண்டு பேரும் அந்த வெளக்கப் பாத்துக்கிட்டே இருந்தோம். வேற என்னத்தச் சொல்ல?"

ஜெசிந்தா எழுந்து அவன் முன்னால் போய்க் கும்பிட்டாள். அவன் திரும்பிக் கும்பிடவில்லை. திட்டவும் இல்லை.

தலைவி கேட்டார்: "வரையறை ஒரு வாரம் பலகையில் இருந்ததாகச் சொன்னீர்கள். யாருமே இதைப் பார்க்கவில்லையா?"

"ஆவுடை பாத்தாங்க மேடம்" என்று நெல்லையப்பன் முந்திக்கொண்டார். "எங்க நிலையத்துல அவங்க பாத்துட்டு ஒண்ணும் சொல்லலன்னா அது சரின்னு அர்த்தம். நாங்க எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கிட்டோம். எழுதி வச்ச விதி இல்ல, பழக்கம். அவங்க கண்ணுக்கே தப்புச்சுன்னா வேற யாரு கண்ணுக்கும் படாது."

தலைவி ஆவுடை பக்கம் திரும்பினார். "நீங்கள் பார்த்தீர்களா அம்மா? இந்தக் குறை உங்கள் கண்ணில் படவில்லையா?"

படவில்லை என்றால், ஆறு வருடம் இதிலேயே ஊறியவளுக்கு, பலகையில் எல்லோரையும் உடைத்தவளுக்கு, ஒரு சின்னப் பெண் ஒரே ராத்திரியில் கண்டது தெரியவில்லை என்று அறிக்கையில் ஏறிவிடும். பட்டது என்றால் ஜெசிந்தாவை முந்திவிடலாம். அந்தக் கூட்டத்திலேயே, நின்ற நிலையில், அவள்தான் கெட்டிக்காரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எதிரே ஊக்குப் போட்ட சட்டைக் கை இருந்தது.

"படல" என்றாள் ஆவுடை.

எழுத்தர் அதைப் பதிந்துகொண்டார்.

அறிக்கை வந்தபோது ஜெசிந்தாவை யாரும் தூக்கிலிடவில்லை. தவறை உடனே ஒப்புக்கொண்டு உடனே சரிசெய்த நேர்மையைக் குழு பாராட்டியிருந்தது. பச்சை விளக்கு எரிந்தாலும் மருத்துவர் தன் கண்ணை நம்பி இறங்கலாம் என்று விதியை மாற்றச் சொல்லியிருந்தது. சிங்கப்பூர்க்காரர்கள், வரையறையைப் பற்றி மட்டுமல்ல, அது எப்படித் தவறிப்போனது என்பதைப் பற்றியும் ஜெசிந்தாவே வந்து பேச வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஐந்தாவது வரிக்கு ஜெசிந்தா நிபந்தனை என்று பெயர் வந்துவிட்டது. தவறு செய்தும் பெயர்! ஆவுடைக்கு அதைப் படிக்கும்போது பழைய எரிச்சல் அப்படியே கிளம்பிற்று. வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறி எரிந்தது.

ஜெசிந்தா இளைத்துவிட்டாள். இப்போதெல்லாம் அவள் சிரிப்பது வெளியே கேட்பதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இசக்கிராஜ் வீட்டுக்குப் போகிறாள் என்றும், முதல் தடவை அவன் மனைவி கதவைச் சாத்திவிட்டாள் என்றும், இப்போது உட்காரச் சொல்கிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். ஆவுடையால் அந்தத் தெருப் பக்கமே போக முடியவில்லை. எந்த முகத்தோடு போவாள்? அவளுக்கும் அதற்கும்தான் சம்பந்தமே இல்லையே, அறிக்கையே சொல்லிவிட்டதே.

சிங்கப்பூருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஜெசிந்தா அவள் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு எதிரே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. கேன்டீன்ல பயலுவ பேசுறதக் கேட்டேன். ஒங்களுக்கு வயசாயிட்டு, இனிமே ஒங்களால முடியாதுன்னு சிரிக்கானுவ. நான் நல்லா ஏசிட்டு வந்தேன். நீங்க அதெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீங்க."

ஆவுடை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒரு வாரம் நான் தூங்கவே இல்லக்கா. நீங்க எப்படியும் ஒடைச்சுருவீங்கன்னு தெரியும். ஒடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்னே சொல்லலாம். எங்கயோ ஒரு எடத்துல உறுத்திக்கிட்டே இருந்துச்சு, என்னன்னு பிடிபடல. தினம் காலைல வந்தவுடனே பலகையத்தான் பாப்பேன், அக்கா எழுதிருக்காங்களான்னு. கடைசி நாளும் ஒண்ணும் இல்ல. சரி, அக்காவே விட்டுட்டாங்க, அப்ப சரியாத்தான் இருக்கும்னு அன்னிக்குத்தான் தூங்குனேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களக் குத்தம் சொல்லலக்கா. அது அப்படிச் சட்டுன்னு கண்ணுல படுற எடமே இல்ல. யாருக்கா இருந்தாலும் தப்பிரும்."

ஆவுடை மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கினாள்.

"நீங்க இன்னும் அதையே யோசிச்சிட்டு இருக்கீங்கன்னு தெரியுது. மொகத்தப் பாத்தாலே தெரியுதே. அதான், நானே விளக்கமா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." பேனாவை எடுத்து, ஒரு தாளில் சின்னச் சின்னப் படகுகளாக வரைந்தாள். "எங்க ஊர் ஹார்பர்னு வைங்க. இந்தப் போட்டுல ஐஸ் கரையுது. இது உள்ள வரணும். ஆனா இன்னொரு போட்டு, எனக்கு அவசரம்னு முன்னால வருது. தாங்கும்லா, விடுதோம். சரியா? இப்ப, மூணாவது போட்டு வருதுல்லா, இங்கதான் தப்பு..."

பொறுமையாக, ஒன்றாம் வகுப்புக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். ஆவுடை ஒவ்வொரு படகாகப் பார்த்தாள். முதல் வாரமே எனக்குத் தெரியும்டி என்ற வார்த்தை உதடுவரை வந்தது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் இந்தப் பெண் இப்படிப் பக்கத்தில் நின்று பரிதாபப்படமாட்டாள். பிறகு ஒருபோதும் அக்கா என்றும் கூப்பிடமாட்டாள்.

"புரியுதாக்கா?"

ஆவுடை விழுங்கிக்கொண்டாள். "கொஞ்சம் புரியுது" என்றாள்.

"கொஞ்சந்தானா? நான் வேகமாச் சொல்லிட்டேன் போல" என்று ஜெசிந்தா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "அவசரமே இல்லக்கா. மொதல்லருந்து மெதுவாச் சொல்லுதேன், கேளுங்க."